மூன்று ஒளிந்தாடும் விளையாட்டுகளும் ஒரு டயர் கடையும்

என் நண்பனுடைய அம்மா இறந்துபோன ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து மதியம் மூன்று மணிவரை, நான் ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டில் பனியில் குப்புறப் படுத்து ஊர்ந்துகொண்டிருந்தேன். கைப்பேசி அடுத்த அறையில் சார்ஜில், சத்தம் அணைக்கப்பட்டுக் கிடந்தது. பதினொரு அழைப்புகள். நான் எடுத்துப் பார்த்தபோது அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அப்போதாவது கிளம்பியிருக்கலாம். வண்டியை எடுத்தால் அவன் தோட்டத்து வீட்டுக்கு இருபது நிமிடம். புத்தி நிதானத்தில் இருக்கிற எந்த மனிதனும் அதைத்தான் செய்வான். நான் கைப்பேசியை, அது கடித்துவிடும் என்பதுபோல, எடுத்த இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அதன் பிறகு ஐந்து மாதம் அவன் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். எனக்கு வயது நாற்பத்தேழு.

ஒளியத் தெரியும் என்ற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குக் காரணமே அவன்தான்.

சேலத்தில் நாங்கள் இருவரும் பாலிடெக்னிக் படித்த காலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டிக்கு மேல்மாடியில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. பெயருக்குத்தான் பிரவுசிங். பத்து மெஷின்களில் எட்டில் கேம் ஓடும். கீழே வரமிளகாய் மூட்டை இறங்கும் நாட்களில் மேலே எல்லோரும் தும்முவோம். சத்தம் போடாமல் காவலைத் தாண்டுவதுதான் விளையாட்டு. ஆடுகிறவனோ தும்மிக்கொண்டே இருப்பான்.

நானும் அவனும் ஒரே மெஷினில் உட்காருவோம். கீபோர்டும் மவுஸும் என்னிடம். அவன் எதையும் தொடமாட்டான். பார்ப்பது மட்டும்தான் அவன் வேலை. "திரும்பறான்... இரு... இரு... இப்பப் போ!" என்று என் காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் சொன்னபடி நகர்ந்தால் என்னை ஒருவனும் பார்க்க முடியாது. சொந்தப் புத்தியில் நகர்ந்தால் பத்தடிக்குள் மாட்டிக்கொள்வேன். மாட்டிக்கொண்டதும் எனக்கு மூளை நின்றுவிடும். ஓடுவதற்கான பொத்தானை விட்டுவிட்டு, விரலுக்கு எது அகப்படுகிறதோ அதை அழுத்துவேன். ஒருமுறை சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு சட்டென்று திரும்பியபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்று, திரையைப் பார்த்து, "சாரிங்க சார்" என்றேன். சென்டரே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அங்கே எனக்கு அதுவே பெயர்.

நாங்கள் மாற்றி மாற்றி ஆடியவை மூன்று. அவற்றின் நிஜப் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. நாங்களாக வைத்தவைதான் நிலைத்தன: முக்கோணம், இருட்டு, வேஷம்.

முக்கோணத்தில், மொட்டைமாடியில் நின்று தெருவைப் பார்க்கிற மாதிரி, எதிரியின் முகாமை மேலிருந்து பார்ப்போம். ஒவ்வொரு சிப்பாயின் பார்வையும் ஒரு பச்சை முக்கோணமாகத் தரையில் விழுந்து, விசிறிபோல இப்படியும் அப்படியும் ஆடும். முக்கோணத்தின் கிட்டத்துப் பாதியில் கால் வைத்தால் தொலைந்தோம். தூரத்துப் பாதியில் படுத்து ஊர்ந்தால் தெரியாது. ரொம்ப நியாயமான விளையாட்டு. யார் எதுவரை பார்க்கிறார்கள் என்பதைத் தரையிலேயே வரைந்து காட்டுகிற பெருந்தன்மை வேறு எதிலும் கிடையாது. ஒரே தொல்லை பனிக் கட்டம். அதில் கால்தடம் விழும். தடத்தை மோந்துகொண்டு ஒரு நாய் வரும்.

இருட்டில் நாம் ஒரு திருடன். கற்கோட்டைக்குள் புகுந்து, நம் கண்வழியாகவே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். திரையின் அடியில் ஒரு சின்ன விளக்கு. நாம் வெளிச்சத்தில் நின்றால் அது பளிச்சென்று எரியும். நிழலுக்குள் போனால் மங்கி அணையும். கம்பளத்தில் நடந்தால் சத்தமில்லை, கல்லில் நடந்தால் டக்டக்கென்று கேட்கும். காவல்காரன் ஒரு முழ தூரத்தில் நின்று தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருப்பான். நாங்கள் இருவரும் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொள்வோம். முக்கோணத்தில் பயம் தலைக்குள் இருக்கும். இருட்டில் அது வயிற்றுக்கு இறங்கிவிடும். விளையாட்டு என்ற வகையில் மூன்றில் இதுதான் உயர்ந்தது என்பது என் கட்சி. அவன் முக்கோணத்தின் கட்சி. இதற்காக டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறோம்.

வேஷம் வேறு மாதிரி. ஓட்டல், மாளிகை, விருந்து என்று பட்டப்பகலில் நடக்கும். ஒருவனை மயக்கிப் போட்டு, அவன் சட்டையை உருவி மாட்டிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சமையல்காரனாகவோ காவல்காரனாகவோ நடந்து போகலாம். ஓடக் கூடாது, யாரையும் உரசக் கூடாது, அவ்வளவுதான். கேட்கச் சுலபம். ஆனால் எனக்கு மூன்றில் கடினம் இதுதான். மற்ற இரண்டிலும் பயந்தவன் பயந்த மாதிரியே போகலாம். இதில் பயப்படாதவன் மாதிரி நடந்து காட்ட வேண்டும். என்னுடைய சமையல்காரன் எப்போது பார்த்தாலும் சமையலறையை விட்டுத் தெறித்து ஓடிக்கொண்டிருப்பான்.

மூன்றிலும் பொதுவாக ஒரு பெரிய பொய் உண்டு. மணி அடித்து, அமளிதுமளிப்பட்டு, பத்துப் பேர் நம்மைத் தேடி ஓடி வருவார்கள். நாம் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் கொஞ்ச நேரம் குந்தியிருந்தால் போதும். எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் பழையபடி நடக்கப் போய்விடுவார்கள். கூட நின்றவன் செத்துக் கிடப்பான், அதையும் மறந்துவிடுவார்கள். இந்த விளையாட்டுகளைச் செய்தவர்கள் எங்கள் பக்கம் பெண் கொடுத்து எடுத்தவர்கள் அல்ல. இங்கே ஓர் எழவுக்குப் போகாமல் விட்டால், பேரன் கல்யாணப் பந்தியில் இலை போட்டுவிட்டு அதை எடுத்துப் பேசுவார்கள்.

பதினொரு அழைப்புகளில் நான்கு என் மனைவியுடையவை. அவள் அன்று மோகனூரில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். சேதி தெரிந்ததும் அங்கிருந்தே நேராக எழவுக்குப் போய்விட்டு, மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள்.

"ஏனுங்க, காய்ச்சல் எப்படி இருக்குது?" என்றாள்.

"எனக்கெங்க காய்ச்சல்?"

"இருக்குது. அவரு எங்கீங்க, அவரு எங்கீங்கன்னு ஊரே கேட்டுச்சு. எந்திரிக்க முடியாத காய்ச்சல்னு சொல்லிப்போட்டேன். இனி படுக்கறதோ முக்கறதோ உங்க பாடு."

படுத்துக்கொண்டேன். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். எழவு கேட்கப் போக செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது என்பார்கள் சிலர். சனி ஆகாது என்பார்கள் வேறு சிலர். ஞாயிற்றுக்கிழமைதான் இறந்தது, அதனால் ஞாயிறு உறுத்தும் என்று நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். மீதி நாட்களில் எனக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. பதினோராம் நாள் கருமாதிக்குக் கட்டாயம் போவது என்று சட்டையெல்லாம் தேய்த்து வைத்தேன். அன்று காலை நிஜமாகவே காய்ச்சல் வந்தது. என் மனைவியே நம்பவில்லை.

முக்கோணத்தில், எந்த நொடியிலும் ஆட்டத்தைச் சேவ் செய்துகொள்ளலாம். மாட்டிக்கொண்டால் அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். பதற்றத்தில் ஒருநாள், சிப்பாய் என்னைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்கிய அதே நொடியில் சேவ் செய்துவிட்டேன். பிறகு எத்தனை முறை திறந்தாலும், திறந்த மறுநொடியே சுட்டுவிடுவான். முதலிலிருந்து ஆடுவதைத் தவிர வழியில்லை. கருமாதியும் தாண்டிய பிறகு என் நிலைமை அப்படித்தான் இருந்தது. எந்த நாளில் போய் நின்றாலும் அது தாமதமான நாள். ஏன் வரவில்லை என்ற கேள்விதான் முதலில் வரும்.

அவனுக்குச் சங்ககிரியில் டயர் கடை. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஏற்றித் தருகிற தொழில். என் ஆபீஸ் அதே சாலையில், அவன் கடையைத் தாண்டி மூன்றாவது கட்டடம். அவனைத் தாண்டாமல் நான் பிழைப்புக்குப் போக முடியாது.

இங்கேதான் என் அனுபவம் கைகொடுத்தது. கடைக்கு எதிரே, லோடுக்குக் காத்திருக்கும் லாரிகள் சாலையோரமாக வரிசையாக நிற்கும். பைக்கை வளைவுக்கு முன்பே நிறுத்திவிட்டு, லாரிகளுக்கு அந்தப்புறம் நடந்து, கடைசி லாரியின் பின்சக்கரத்தோடு சாலையைக் கடந்தால் என் ஆபீஸ் வாசல். அவன் கடை வாசலிலிருந்து விரியும் முக்கோணத்தை மனதிலேயே பச்சையாகத் தரையில் வரைந்து வைத்திருந்தேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே இடைவெளி வந்தால் நின்று, எட்டிப் பார்த்து, மூன்றே தாவலில் தாண்டுவேன். இருட்டு அங்கே உதவவில்லை. சங்ககிரியில் காலை பத்து மணி வெயிலில் நிழல் என்று ஒன்று லாரிக்கு அடியில்தான் உண்டு. அதற்குள்ளும் ஒரு டிரைவர் படுத்திருப்பார்.

வேஷத்தையும் முயன்றேன். பைக்கை நிறுத்திய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடந்தேன். என் ஆபீஸை ஒட்டி ஒரு டீக்கடை உண்டு. அதன் மாஸ்டர் ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்க, நடக்கறதுக்கும் ஹெல்மெட்டு போடோணும்னு சட்டம் வந்துருச்சுங்களா?"

"தலைவலிங்க. வெயில் ஆகறதில்ல."

"டீ எப்படிக் குடிப்பீங்க?"

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குடித்தேன். பெஞ்சில் இருந்த நான்கு டிரைவர்கள் தங்கள் டீயை மறந்து என்னைப் பார்த்தார்கள். வேஷம் என்பது கவனத்தைக் குறைப்பதற்காக என்ற பாலபாடமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

நடுவில் ஒருநாள் சந்தையில் அவன் மனைவி என் மனைவியைப் பார்த்து, "அண்ணனுக்கு இன்னும் காய்ச்சலுங்களா அக்கா?" என்று கேட்டிருக்கிறாள். என் மனைவி ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல், தக்காளி விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள். அன்று ராத்திரிச் சோற்றில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஹெல்மெட்டோடு, சிமெண்டு ஏற்றிய ஒரு பெரிய லாரியின் மறைவில் நின்று எட்டிப் பார்த்தேன். அவன் வாசலில் ஒரு டயரை நிறுத்தி வைத்துக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். சரி, அவன் குனியட்டும் என்று காத்திருந்தேன். பிரேக் புஸ்ஸென்று காற்று விட்டது. லாரி கிளம்பிப் போய்விட்டது.

அதற்கு முன்னாலிருந்த லாரியும் இல்லை, பின்னாலிருந்ததும் இல்லை. வெறும் சாலை, நான், ஹெல்மெட். இப்படி ஒரு கட்டத்தை எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. பீப்பாய்கள் எழுந்து போவதில்லை. அவன் தலை நிமிர்ந்தது. எனக்கு மூளை நின்றது. சட்டென்று குனிந்து ஷூ லேஸ் கட்டத் தொடங்கினேன். போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

கட்டி முடித்து நிமிர்ந்தேன். அவன் திட்டுவான், கூப்பிடுவான், டயரைத் தூக்கி எறிவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு நிதானமாகக் கழுத்தைத் திருப்பி, மலையைப் பார்த்தான். ஊருக்கு மேலே, சங்ககிரிக் கோட்டை இருக்கிற மலை. அவன் அந்த மலையை ஏறிட்டுப் பார்த்து நான் ஒருநாளும் கண்டதில்லை. நான் சாலையைக் கடந்து முடிக்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டீக்கடையில் போய் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினேன். மாஸ்டர் கேட்காமலே டீ வைத்தார்.

"இன்னிக்கு மாட்டிக்கிட்டீங்களாட்ட."

"என்ன சொல்றீங்க?"

"இல்லீங்க, தினமும் பத்து மணியாச்சுன்னா அவரு சேரைத் திருப்பி உள்ள பாத்துப் போட்டு உக்காந்துக்குவாரு. நீங்க ஆபீசுக்குள்ள போனதும் மறுக்கா ரோட்டப் பாத்துத் திருப்பிக்குவாரு. இன்னிக்கு என்னமோ டயரு பாத்துட்டு இருந்துட்டாரு."

"எத்தன நாளாங்க?"

"நீங்க லாரிக்கு அந்தப்பக்கம் போக ஆரம்பிச்ச நாள்ல இருந்துதாங்க."

அந்த டீயை நான் குடித்ததாக நினைவில்லை. ஐந்து மாதம் நான் ஒருவர் கண்ணிலும் படாமல் போனது என் சாமர்த்தியம் என்று இருந்தேன். எப்போதும்போல அவன்தான் என்னைத் தாண்ட விட்டிருக்கிறான்.

நாள் பார்க்கவில்லை. மதியம் அவன் சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரம் கணக்குப் போட்டு, தோட்டத்துக்கு வண்டியை விட்டேன். முன்னறையில், கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சுவரில் அம்மாவின் படம், மாலையோடு.

அவன் வா என்று சொல்லவில்லை.

எழவு வீட்டில் வருகிறவர்களை வாங்க என்று அழைக்க மாட்டார்கள். வந்தவர்களும் போகும்போது, வாரேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த முறை. ஆனால் இறந்து ஐந்து மாதம் ஆன வீடு இன்னும் எழவு வீடா, இல்லையா? அவன் அழைக்காதது முறைக்காகவா, கோபத்திலா? யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு கையையும் நீட்டினேன். அவன் கொஞ்சம் தாமதித்து, துக்கம் கேட்க வந்தவர்களிடம் செய்வதுபோல, தன் கைகளால் தொட்டான். உட்கார்ந்தேன்.

அவன் மனைவி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். "காய்ச்சல் உட்டுருச்சுங்களாண்ணா?" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"உட்டுருச்சும்மா."

காற்றாடி சுற்றியது. அவன் படத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னிக்கு எங்கடா இருந்த?"

வழியில் நான்கு பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். நான்கும் நல்ல பதில்கள்.

"ஊட்ல. கேம் ஆடிட்டு இருந்தேன். போனு சைலண்ட்ல கெடந்துச்சு."

"என்ன கேமு?"

"முக்கோணம்."

"எந்தக் கட்டம்?"

"பனி. நாய் வருமே, அது."

"தாண்டுனயா?"

"இல்ல."

"தாண்ட மாட்ட. ஒனக்கு எடது பக்கம் பாக்கறதுக்கு ஆளு வேணும்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அவன் குரலை உயர்த்தவில்லை.

"கொள்ளி வெச்சுப்போட்டுத் திரும்பிப் பாக்காமப் போ சாமின்னாங்க பெரியவங்க. நான் திரும்பிப் பாத்துப்போட்டேன். நீ வந்திருக்கறயான்னு. எல்லாருங் கூடித் திட்டுனாங்க."

எதற்கும் என்னிடம் கைவசம் ஒரு வேடிக்கைப் பேச்சு இருக்கும். வீட்டில், ஆபீஸில், ஆஸ்பத்திரியில்கூட. அங்கே தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. தரை சிமெண்டில் ஒரு விரிசல் சுவர்வரை போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு எழுந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவதே மரியாதை என்று வைத்திருக்கிற ஒரே இடம் அது. என்னைவிடத் தகுதியானவன் வேறு யார்? ஆனால் கால் மரத்துப்போயிருந்தது. ஓர் அடி வைத்ததும் டம்ளரைத் தட்டிவிட்டேன். அது கணகணவென்று உருண்டு வாசற்படிவரை போய், படியிலும் இறங்கியது. மாட்டில் இருந்து கோழிவரை எல்லாம் திரும்பிப் பார்த்தன. எனக்கு மூளை நின்றது. அந்த வீட்டில் சொல்லவே கூடாத ஒரே வார்த்தையை, உரக்கச் சொன்னேன்.

"வாரேன்."

அவன் மனைவி ஓடி வந்து வாயில் கை வைத்தாள். "ஐயோ அண்ணா, அப்படிச் சொல்லப்படாதுங்க! மறுக்கா இன்னொரு எழவுக்கா வரப்போறீங்க?"

"சாரிங்க" என்றேன். யாரிடம் என்று எனக்கே தெரியவில்லை. படத்திடமாகவும் இருக்கலாம்.

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குனிந்தான். தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. துண்டுக்குள்ளிருந்தே பேசினான்.

"உடு புள்ள. சொல்லிப்போட்டான். டேய், நாளைக்குக் கடைக்கு வா. காத்தால வா. ரோட்டு மேல வா."

மறுநாள் காலை சாலையின் நடுவே நடந்து போனேன். வழியில் இரண்டு பஸ்கள் ஹாரன் அடித்தன. கடை வாசலில் கிடந்த ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தேன். அவன் ஒரு லாரிக்காரருக்கு டயர் காட்டிக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை. அவர் போய் அடுத்தவர் வந்தார், அவரும் போனார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. ஆபீஸிலிருந்து போன் வந்தது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாலையில் போன அறிந்தவர் அறியாதவர் எல்லோரும் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பதினொன்றரை மணிக்கு வந்த டிரைவர் ஒருவர் என்னைக் காட்டி அவனிடம் கேட்டார். "யாருங்க இவரு? காத்தால நான் போறப்பவும் இங்கதான் இருந்தாரு."

அவன் டயரை உருட்டிக்கொண்டே சொன்னான். "தெரியலீங்க. அஞ்சு மாசமா வந்துட்டு இருந்தாராட்ட, இன்னிக்குத்தான் வந்து சேந்தாரு. உக்காந்திருக்கட்டும்."

உட்கார்ந்திருந்தேன்.